ஜமுக்காளத்தின் நாலாவது மூலை

மகனுக்கு,

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டாயா, சளி எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கடைசியில் இடம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். உன் புது ஃப்ளாட்டின் ஹாலில் நீயும் நிவேதாவுமாக மூன்று அடுக்கு விரித்திருக்கிறீர்கள் அல்லவா? அடியில் நம் வீட்டுப் பழைய ஜமுக்காளம், அதன் மேல் சாய்வாக ஒரு சணல் விரிப்பு, அதற்கும் மேல் வெள்ளை வெளேரென்று முடி முடியாக ஒன்று. அந்தச் சணல் விரிப்பை ஜன்னல் பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போடு. ஜமுக்காளத்தின் ஜன்னலோர மூலை வெளியே தெரியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதற்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் இது நடந்தாக வேண்டும். ஏன் என்று நிவேதாவிடம் கேட்காதே, அவளுக்குத் தெரியாது. உன் அப்பாவிடமும் கேட்காதே. அவருக்கு நம் வீட்டில் ஜமுக்காளம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய். அதனால்தான் பழங்காநத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற மகனுக்கு, டவுன் பஸ்ஸில் போனால் அரை மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடிய மகனுக்கு, வெளிநாட்டுக்கு எழுதுவது மாதிரி பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிவேதா போன வாரம் எனக்குப் படம் அனுப்பினாள். கூடவே ஒரு நீளமான குரல் பதிவு. விரிப்பின் மேல் விரிப்பு போடுவதுதான் இப்போது ஹாலுக்கு அழகாம். அடியில் இருப்பது பெரிதாக இருக்க வேண்டுமாம், மேலே இருப்பது சிறிதாக, கொஞ்சம் கோணலாக இருக்க வேண்டுமாம், நாலு பக்கமும் அடிவிரிப்பு ஒரு சாண் தெரிய வேண்டுமாம். நான் கேட்டுவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற மஞ்சள் பொம்மையை அனுப்பினேன். நல்ல மாமியார் என்று பெயர் எடுக்க அந்தப் பொம்மை எவ்வளவு உதவி செய்கிறது தெரியுமா? உன் அப்பாவிடமும் படத்தைக் காட்டினேன். அவர்தான் முந்தின வாரம் உங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து, அந்த முடி விரிப்பை யாரோ துவைத்துக் காயப்போட்ட போர்வை என்று நினைத்து, மிதித்துவிடக்கூடாதே என்று மடித்து சோபாவில் வைத்துவிட்டு, டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் ஆயிற்றே. "இந்த வெயிலுக்கு அது மேல உக்காந்தா ஆட்டுக்கெடையில படுத்த மாதிரில்ல இருக்கும்" என்றார். நான் அவரை அதட்டினேன். பிள்ளைகள் ஆசையாகச் செய்திருக்கிறார்கள் என்று வியாக்கியானம் செய்தேன். செய்துகொண்டே இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். ஜன்னலோர மூலையில், சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை நூலில் தைத்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது: பஞ்சவர்ணம், அவனியாபுரம்.

உன் அத்தையின் பெயர் அது என்பது உனக்குத் தோன்றியிருக்காது. பிறந்ததிலிருந்து உனக்கு அவள் அத்தை. அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். நிவேதாவோ, "ஊர்ப்பேரெல்லாம் தச்சிருக்கு, இந்த எழுத்து தெரியணும்னேதான் கோணலா போட்டிருக்கோம்" என்று குரல் பதிவின் கடைசியில் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அதை நான் அப்போது கேட்கவில்லை, படத்தைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். பாதியிலேயே பொம்மையை அனுப்பிவிட்டேன். மகனே, மருமகளின் குரல் பதிவைக் கடைசி வரை கேட்க வேண்டும். இது இந்தக் கடிதத்தின் முதல் புத்திமதி. நீயும் அவள் பேசுவதைக் கடைசி வரை கேள். விஷயம் வாலில்தான் இருக்கிறது.

நீ கேட்கலாம், அத்தையின் ஜமுக்காளம் நம் வீட்டுப் பரணுக்கு எப்படி வந்தது என்று. அதைச் சொல்லத்தான் பேனாவைத் திறந்தேன். மூடிவிடலாமா என்றும் இருக்கிறது. நம் ஆட்கள் பெயர் போடாமல் எந்தச் சாமானையும் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். டம்ளரில் பெயர் வெட்டுவோம், குடத்தில் வெட்டுவோம், கரண்டிக் காம்பில் இடமில்லாவிட்டால் தலைப்பெழுத்தாவது வெட்டுவோம். ஜமுக்காளத்துக்கு மூலையில் நூலால் பெயர் தைப்போம். விசேஷம் என்றால் நாலு வீட்டு ஜமுக்காளம் ஒரே மண்டபத்துக்குப் போகும். திரும்பி வரும்போது பெயரைப் பார்த்துத்தான் அவரவருடையது அவரவர் வீட்டுக்கு வரும். என் கல்யாணத்துக்கு உன் தாத்தா, அதாவது என் அப்பா, சீர்வரிசையில் ஒரு ஜமுக்காளம் கொடுத்தார். அத்தை வீட்டு ஜமுக்காளத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே கடைக்குப் போய், அதே சிவப்பு, பச்சை, ஊதாக் கோட்டில் வாங்கி, மூலையில் என் பெயரையும் தைத்துக் கொடுத்தார். என் அப்பாவுக்கு ஒரு பழக்கம். கொடுத்த சாமானை, போகிற இடத்திலெல்லாம் பரிசோதனை செய்வார். குத்துவிளக்கைத் தட்டிப் பார்ப்பார். பீரோவைத் திறந்து மூடிப் பார்ப்பார். மகளுக்குக் கொடுத்தாரா, பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்புக் கொடுத்தாரா என்று சந்தேகம் வரும்.

உனக்கு மூன்று வயதில் காதுகுத்து. மண்டபம் பார்த்தாயிற்று, சொந்தமெல்லாம் வந்து இறங்கியாயிற்று. அத்தை முந்தின நாளே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் நான் ஜமுக்காளத்தை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் உன் பட்டுச் சட்டையை வைத்து இஸ்திரி போட்டேன். அந்தக் காலத்தில் நம் வீட்டு இஸ்திரி மேசை அதுதான். நீ அதற்குள் கண்மையை எடுத்துச் சுவரில் பூசிக்கொண்டிருந்தாய். பாதியில் கரண்ட் போயிற்று. நான் பெட்டியை வைத்துவிட்டு உன்னைப் பிடிக்க ஓடினேன். கரண்ட் வந்தது எனக்குத் தெரியாது. நாற்றம் வந்துதான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி ஜமுக்காளத்தின் மேல் குப்புறப் படுத்திருக்கிறது. தூக்கினால், படகு மாதிரி, அச்சு அசலாக இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம், கறுப்பாக. இது இஸ்திரிப் பெட்டி பட்டது இல்லை, வேறு ஏதோ என்று யாரிடமும் சாதிக்க முடியாது. அவ்வளவு தெளிவான முத்திரை. இன்னும் மூன்று மணி நேரத்தில் என் அப்பா மண்டபத்துக்கு வருகிறார்.

அன்றைக்குத்தான் நான் விரிப்பின் மேல் விரிப்பு போட்டேன். நிவேதாவிடம் சொல், மதுரையில் அந்த அலங்காரத்தைத் தொடங்கி வைத்தவள் அவள் மாமியார். மண்டபத்தில் ஜமுக்காளத்தை விரித்து, கருகின இடத்துக்கு மேலே கோரைப்பாயைப் போட்டு, உன்னை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய உன் தாய்மாமனை, அதுதான் என் அண்ணனை, அதன் மேல் உட்கார வைத்தேன். உன் மாமன் ஆள் எப்படி என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்தால் ஒரு நிலப்பரப்பு. அப்பா வந்தார். வந்தவர் பேரனைப் பார்க்கவில்லை, ஜமுக்காளத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏத்தா, சமுக்காளத்துக்கு மேல எதுக்குப் பாயி?"

"வேக்கும்லப்பா. பாயின்னா குளுகுளுன்னு இருக்கும், பிள்ளை அழமாட்டான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். காது குத்தி முடிந்தது. நீ அழுது முடித்தாய். உன் மாமன் எழுந்திருக்கப் பார்த்தார். நான் குனிந்து காதில் சொன்னேன்: "அண்ணே, எந்திரிக்காத." "ஏன்டி, காலு மரத்துப் போச்சு." "மரக்கட்டும். அப்பா சாப்பிடப் போற வரைக்கும் அசையாத." பாவம், அவர் ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தார். முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போகும்போதெல்லாம் இன்றைக்கும் அவர் உன் காதுகுத்திலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. ஜமுக்காளங்களை உதறி மடித்து வீட்டுக்கு வீடு தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தார்கள். டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார். நம் அடுக்கில் இருந்த ஜமுக்காளத்தை எடுத்தேன். கருகின இடம் உள்ளே போகிற மாதிரி மடிக்கலாம் என்று விரித்துப் பார்த்தால், கருகின இடத்தைக் காணோம். படகைக் காணோம். துணி புத்தம்புதுசாக இருக்கிறது. மூலையைத் திருப்பினேன். பஞ்சவர்ணம், அவனியாபுரம். யாரோ மாற்றி அடுக்கிவிட்டார்கள் என்று புரிந்தது. அந்த நிமிஷத்தில் ஒரு நல்ல பெண்பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? "மதினி, ஒங்க சமுக்காளம் இங்கன வந்திருச்சு" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அத்தை பத்தடி தூரத்தில்தான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சுருட்டினேன். கயிறு போட்டுக் கட்டினேன். "ஏத்துங்கண்ணே, நேரமாச்சு" என்றேன். கருகினதை அவளிடம் தள்ளிவிட்டு, நல்லதை நான் கொண்டுவந்துவிட்டேன். மகனே, உன் தாயார் ஒரு ஜமுக்காளத் திருடி. எழுதியாயிற்று. இனி தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

ஒரு வாரம் பயந்து செத்தேன். பொங்கலுக்கு மாடு ஓடுகிற தெருவிலேயே குடியிருந்து பழகியதாலோ என்னவோ, உன் அத்தைக்கு மெதுவாகப் பேச வராது. அவள் கிளம்பி வந்து வாசலில் நின்று கேட்டால் பழங்காநத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். வந்தாள். கேட்கவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் விருந்தாளி வந்தால் ஜமுக்காளம் விரித்தாக வேண்டுமே. நம்மிடம் இருந்தது அது ஒன்றுதான். பெயரைப் பிரித்து எடுக்கப் பார்த்தேன். அத்தை தைத்த தையல், அவளை மாதிரியே, அசையவில்லை. அதனால் அவள் வருகிறாள் என்று தெரிந்தால் நான் முதலிலேயே ஓடிப்போய், பெயர் இருந்த அந்த நாலாவது மூலையில் உட்கார்ந்துகொள்வேன். காபி போட நீங்கள்தான் எழுந்து போவீர்கள். அம்மாவுக்கு முதுகுவலி என்று நீ நம்பினாய். உன் அப்பா எதையும் நம்பவில்லை, கவனித்தால்தானே நம்புவதற்கு. அத்தை மட்டும் என்னைப் பார்த்து, "என் தம்பி பொண்டாட்டி மாதிரி அடக்கமானவ எவ இருக்கா? மூலைய விட்டு எந்திரிக்க மாட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இருபத்து நாலு வருஷம் நான் அடக்கமானவளாக இருந்தது இப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ சோபா வாங்கிப் போட்ட பிறகு ஜமுக்காளம் பரணுக்குப் போயிற்று. அப்போதுதான் நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். பரணிலிருந்து அதை நீங்கள் எடுத்துப்போனது, நிவேதா அனுப்பின படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

இதில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நீ மையைக் கொட்டிவிட்டு, அதன் மேல் ஜமுக்காளத்தை இழுத்து மூடிவிட்டு நல்ல பிள்ளையாகப் படித்துக்கொண்டிருந்தாயே, நினைவிருக்கிறதா? நான் கண்டுபிடித்து உன் முதுகில் இரண்டு போட்டேன். "செஞ்சத மூடி வைக்கிற புத்தி ஒனக்கு எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்டேன். அப்போது உன் அத்தை எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்துகூட அடிக்கவில்லை, எட்டித்தான் அடித்தேன். உன் முதுகுக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

சரி, ஒரு பழைய துணிக்கு இவ்வளவு நடுக்கமா என்று நீ சிரிப்பாய். உன் அத்தையும் அப்பாவும் மூன்று வருஷம் பேசாமல் இருந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம் வீட்டு விசேஷப் பத்திரிகையில் அத்தையின் வீட்டுக்காரர், உன் மாமா, அவர் பெயர் நாலாவது வரியில் போய்விட்டது. அதற்கு மூன்று வருஷம். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் செய்த தப்புக்கு மூன்று என்றால், தம்பி பெண்டாட்டி தெரிந்தே செய்த தப்புக்கு எத்தனை? அந்த மூன்று பொங்கலுக்கும் உன் அப்பா காலையிலேயே குளித்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு இருப்பது ஒரே அக்கா. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் முதல் பாலை அடுப்பில் ஏற்றப்போவதும் அவள்தான். அவள் உள்ளே வந்து, தரையில் தன் பெயரையே படித்துவிட்டு, படி இறங்கிப் போய்விட்டால், உன் அப்பா மறுபடியும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அதனால், ஒரு முழம். ஜன்னல் பக்கம். மறந்துவிடாதே.

இது வரைக்கும் வியாழக்கிழமை எழுதியது. இனி வருவது வெள்ளிக்கிழமை சாயங்காலம். நடுவில் நிறைய நடந்துவிட்டது.

ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, எழுதியதைப் படித்துப் பார்த்தபோதுதான் மனசு சங்கடப்பட்டது. இருபத்து நாலு வருஷம் நான் உட்கார்ந்து மறைத்தது போதாதென்று, இப்போது மகனையும் மருமகளையும் ஒரு விரிப்பைத் தள்ளி மறைக்கச் சொல்கிறேனே, பரம்பரைத் தொழிலா இது என்று தோன்றியது. நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு சீப்பு வாழைப்பழமும் நாலு முழம் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு, அவனியாபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். வழி நெடுக, "மதினி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து டிரைவர் பக்கம் போய்விட்டாள்.

அத்தை அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள், உன் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு. "வாத்தா வா. என்னா, மூலை தேடுறியா? இங்கன சேருதான் இருக்கு, உக்காரு" என்றாள். பழத்தை வைத்தேன்.

"மதினி, செந்தில் வீட்டுல பழைய சமுக்காளத்த விரிச்சிருக்கான்..."

அத்தை கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுப்பை அணைத்தாள். "எந்திரி, உள்ள வா" என்றாள். அவள் வீட்டில் நான் ஹாலையும் அடுப்படியையும் தாண்டிப் போனதே இல்லை. என் ஜமுக்காளம் அங்கே எங்காவது கிடந்து என்னைப் பார்த்துவிடுமோ என்று பயம். உள் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பூப்போட்ட பிளாஸ்டிக் பாய், அதன் மேல் ஒரு கால்மிதி. அத்தை காலால் மிதியைத் தள்ளினாள், கையால் பாயைச் சுருட்டினாள். அடியில் படகு. கறுப்பு மாறாமல், அன்றைக்குக் கருகின மாதிரியே இருந்தது. மகனே, அவளும் அடுக்கித்தான் வைத்திருக்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். அதுவும் மெதுவாக. அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு நேற்றுவரை தெரியாது.

"நானும் சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு நீ பெட்டிய நிப்பாட்டித்தான் வச்சிருந்தத்தா, சுச்சியும் அமத்தித்தான் இருந்துச்சு. நான்தான் என் சட்டைய ஒரு தேய்ப்பு தேய்ப்போம்னு வந்தேன். சுச்சியப் போட்டா கரண்டு இல்ல. அப்படியே குப்புறப் போட்டுட்டுப் போய்ட்டேன். பெறகு கருகுன நாத்தம் வந்து ஓடியாந்தா, நீ அதக் கையில வச்சுக்கிட்டு, அப்பா வருவாரே, அப்பா வருவாரேன்னு பொலம்பிக்கிட்டு நிக்கிற. கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். சொல்ல வாய் வரல. ஒன் அண்ணன் காலு மரக்க உக்காந்திருந்ததயும் பாத்தேன். அதான் சாயங்காலம், என் சமுக்காளத்த ஒன் அடுக்குல வச்சுட்டு, கருகுனத நான் எடுத்தாந்தேன்."

நான் கருக்கவே இல்லை. நான் திருடவும் இல்லை. அவளாகக் கொடுத்ததைத்தான் நான் இருபத்தாறு வருஷம் திருட்டுச் சாமானாகக் காபந்து பண்ணியிருக்கிறேன். இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்த்தா. ஒனக்கு எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல பாரு. நான் வாரப்பெல்லாம் ஓடிப்போயி என் பேரு மேலயே உக்காந்துக்கிருவ. தம்பி பாத்தா, அக்கா சமுக்காளம் இங்க எப்படி வந்துச்சுன்னு கேப்பான், என் குட்டு ஒடஞ்சிரும்னுதான? எம்புட்டுப் பெரிய மனசு ஒனக்கு!"

மகனே, நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "அய்யோ மதினி, நான் ஒங்களத்தான் ஏமாத்தினேன்" என்கிற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு ஒன்று. "விடுங்க மதினி, ஒரு குடும்பத்துக்குள்ள இதையெல்லாம் பேசிக்கிட்டு" என்றேன். என் குரல்தான். தலையைக்கூடக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சூடாக ஒரு அதிரசம் எடுத்துவந்து என் கையில் வைத்தாள். திருடினதாக நினைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அடக்கமானவள் என்ற பட்டம். ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு பெரிய மனசுக்காரி என்ற பட்டம். அதையும் வாங்கிக்கொண்டு, இன்னொரு அதிரசத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அத்தை அந்தக் கருகின ஜமுக்காளத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்தாள். "செந்திலு வீட்டுல ரெண்டையும் ஒண்ணா விரிப்போம். ஒனக்கும் எனக்கும் இனிமே என்னாத்த மறைக்கிறது?" என்றாள். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வில்லாபுரம் தாண்டியதும் மூலையைப் புரட்டிப் பார்த்தேன். என் பெயர் அப்படியே இருந்தது, என் அப்பா தைத்துக் கொடுத்த பச்சை நூல். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அத்தை கருகின இடத்தைத்தான் மூடி வைத்திருந்தாள், என் பெயரை மூடவில்லை. கட்டிலோரம், பீரோவுக்குப் பக்கத்தில், வருகிற போகிற பெண்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி அது வெளியேதான் கிடந்திருக்கிறது. யாராவது கேட்டால் என்ன சொல்வாள் என்பதையும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்: "என் தம்பி பொண்டாட்டி ஆசையா குடுத்தது." நான் அவள் பெயரின் மேல் உட்கார்ந்திருந்த வருஷமெல்லாம், அவள் என் பெயரை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தின்ற இரண்டு அதிரசமும் நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டன. இன்னும் இறங்கவில்லை.

ஆகையால் வியாழக்கிழமை சொன்னதையெல்லாம் அடித்துவிடு. சணல் விரிப்பை ஜன்னல் பக்கம் தள்ளாதே. அதைச் சுருட்டிப் பரணில் போடு. அந்த முடி விரிப்பையும் சுருட்டு, உன் அப்பா சந்தோஷப்படுவார். நாளைக்கு அவர் கையில் இந்தக் கடிதத்தோடு என் ஜமுக்காளத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். அத்தையுடையதை அடியில் விரி, என்னுடையதை அதன் மேல் கோணலாகப் போடு, நிவேதா சொன்ன கணக்கில், ஒரு சாண் விட்டு. இரண்டு பெயரும் தெரிய வேண்டும். படகும் தெரியட்டும். அதன் மேல் டீப்பாயைத் தூக்கி வைத்துவிடாதே. நிவேதா அதையும் அழகு என்று சொல்லுவாள், படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவாள். அனுப்பட்டும். அவளுடைய குரல் பதிவைக் கடைசி வரை கேட்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் இனி ஒரு வீட்டில் இருக்கப் போகிறீர்கள். விரிப்பின் மேல் விரிப்பு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கி உதறி, தரையைப் பெருக்கிவிட்டுப் போடுங்கள். தூசிக்காகச் சொல்கிறேன். முக்கியமாகத் தூசிக்காகத்தான். ஒருவேளை உன் மேல் ஏதாவது தப்பு இருந்து அதை நீ அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தால், சீக்கிரம் சொல்லிவிடு. நாளாக ஆக அவள் அதற்கு ஏதாவது ஒரு நல்ல காரணத்தைக் கற்பித்து வைத்துவிடுவாள். அப்புறம் அதைக் கலைக்க மனசு வராது. அம்மா படுகிற பாட்டைப் பார்க்கிறாய் அல்லவா?

கடைசியாக ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை அத்தை முதல் பாலை ஏற்றுவாள், பொங்கும், எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பீர்கள். அவள் கையில் டம்ளர் ஏறின பிறகு, இந்தக் கடிதத்தை அப்படியே அவள் மடியில் வை. எனக்கு நேரில் சொல்ல வராது, பார்த்தாய் அல்லவா, வாயைத் திறந்தால் பெரிய மனசுதான் வருகிறது. அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கக் கால் மணி நேரமாவது ஆகும். பால் அவ்வளவு சூடாக இருக்க வேண்டும், அவள் குடித்து முடித்துவிடக்கூடாது. உன் வீட்டுப் பால் கையில் இருக்கும்போது உன் அத்தை எழுந்து போகமாட்டாள், அது எனக்குத் தெரியும். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது நான் மூலையில் இருக்கமாட்டேன். நட்டநடுவில், அந்தப் படகின் மேல் உட்கார்ந்திருப்பேன்.

என் செருப்பை மட்டும் வாசலைப் பார்த்துத் திருப்பி வை.

உன் அம்மா